வசனமும் அதிகாரமும்

வணக்கம்.

வேதம் ஒன்றே போதும் என்று நம்புகிறவன் நான். போதகர், வியாக்கியான நூல், சபை மரபு எல்லாவற்றையும் விட்டுவிட்டு இப்போது வேதத்தை மட்டும் வாசிக்கிறேன். என் கத்தோலிக்க நண்பர், “வேதத்தில் இருப்பது மட்டுமே செல்லும் என்றால், எந்தெந்த நூல் வேதம் என்ற பட்டியல் வேதத்தில் எங்கே இருக்கிறது?” என்று கேட்டார். 2 தீமோத்தேயு 3:16-ஐக் காட்டினேன். சிரித்தார். அவருக்கு என்ன பதில் சொல்வது?

பி.கு.: வேலையை விடுவதா என்று குழம்பிக்கொண்டிருந்தபோது வேதத்தைத் திறந்தேன். எரேமியா 29:11 வந்தது: உங்கள்பேரில் நான் நினைத்திருப்பது தீமைக்கல்ல, சமாதானத்துக்கே என்று. கர்த்தரே சொல்லிவிட்டார் என்று அடுத்த மாதம் ராஜினாமா செய்யப்போகிறேன்.

எஸ்.

அன்புள்ள எஸ்.,

நண்பர் சிரித்ததில் தப்பில்லை. நீங்கள் காட்டிய வசனம் வேதவாக்கியங்கள் எதற்கெல்லாம் பிரயோஜனப்படும் என்று சொல்கிறது. எவை வேதவாக்கியங்கள் என்று எண்ணிக்கொடுக்கவில்லை. முந்தின வசனத்தைப் பாருங்கள். கடிதத்தைப் பெற்ற தீமோத்தேயு சிறுவயதுமுதல் அறிந்திருந்த எழுத்துகளில் நான்கு சுவிசேஷங்கள் இருந்திருக்கவே முடியாது, அவை அப்போது எழுதப்படவே இல்லை. இன்றைய புதிய ஏற்பாட்டின் 27 நூல்களையும் கூட்டாமல் குறைக்காமல் சொல்லும் பட்டியலாக நமக்குக் கிடைத்திருப்பவற்றில் பழையது, 367-இல் அலெக்சாந்திரியா ஆயர் அத்தனாசியுஸ் எழுதிய பாஸ்கா மடல். கத்தோலிக்கரின் 73 நூல்களை 1546-இல் திரெந்து சங்கம் (ஆயர்களின் பேரவை) உறுதிசெய்தது. சீர்திருத்தச் சபைகள், அதாவது புராட்டஸ்டண்டுகள், 66-இல் நின்றன. சபை இந்நூல்களை அடையாளம் கண்டுகொண்டதே ஒழிய அவற்றுக்கு மகத்துவம் கொடுக்கவில்லை, உரைகல் தங்கத்தை உண்டாக்குவதில்லை என்பது சீர்திருத்தத் தரப்பின் பதில். “கல்லை நம்பாமல் தங்கம் என்று எப்படித் தெரிந்துகொண்டாய்?” என்பது நண்பரின் அடுத்த கேள்வியாக இருக்கும். இது ஓயாத வழக்கு. நடக்கட்டும்.

உங்கள் கடிதத்தில் உறுத்துவது பின்குறிப்புதான். அதைவிட முன்னால், அந்த ‘மட்டும்’.

‘வேதம் மட்டும்’ என்று முழங்கியவர்கள் நீங்கள் செய்வதைச் செய்யவில்லை. வேதம் மட்டுமே தவறாத இறுதி அளவுகோல், போப்பும் சங்கங்களும் தவறக்கூடியவர்கள், ஆகவே அவர்கள் சொல்வதையும் அதை வைத்து அளக்க வேண்டும் என்றார்கள். அளக்கும் கோல் ஒன்று, அளக்கப்படுபவை பல. அளக்கப்படுபவற்றைக் குப்பையில் போடு என்று யார் சொன்னது? 1521-இல் வோர்ம்ஸ் நகரில் பேரரசர் முன்னால் நின்ற சீர்திருத்தவாதி லூத்தர், வேதத்தின் சாட்சியாலோ தெளிவான நியாயத்தாலோ தன்னை மறுத்துக் காட்டச் சொன்னார். அதே மனிதர் 1529-இல் சிறிதும் பெரிதுமாக இரண்டு வினாவிடை நூல்கள் எழுதினார். இன்னொரு சீர்திருத்தவாதி கால்வின் பக்கத்துக்குப் பக்கம் பழைய சபைப் பிதா அகுஸ்தீனை மேற்கோள் காட்டுகிறார். இவர்களுக்கெல்லாம் தேவைப்பட்ட துணை உங்களுக்குத் தேவைப்படவில்லையாக்கும்! எத்தியோப்பிய மந்திரி ஏசாயாவைக் கையில் வைத்துக்கொண்டு, ஒருவன் தெரிவிக்காவிட்டால் எனக்கு எப்படித் தெரியும் என்று பிலிப்புவிடம் கேட்டது அப்போஸ்தலர் 8-இல் இருக்கிறது. அதுவும் வேதம்தான்.

இப்போது எரேமியா 29:11. வாழ்த்து அட்டையில் அச்சடித்தே தேய்ந்துபோன வசனம் அது. ‘நான் உங்கள்பேரில் நினைத்திருக்கிற நினைவுகள்’ என்று வருகிறது இல்லையா, அந்த ‘உங்கள்’ யார்? உங்களுக்கு அது மரியாதைப் பன்மையாகக் கேட்கிறது, கர்த்தர் உங்களை ‘நீங்கள்’ போட்டுப் பேசுவதாக. பழைய தமிழ் மொழிபெயர்ப்பில் கர்த்தர் ஒருவனிடம் பேசினால் ‘நீ’தான், ராஜாவாக இருந்தாலும். ‘உங்கள்’ என்றால் கூட்டம். இங்கே அந்தக் கூட்டம், எகொனியா ராஜாவோடு பாபிலோனுக்குச் சிறையாகக் கொண்டுபோகப்பட்ட ஜனங்கள். எருசலேமிலிருந்து எரேமியா அவர்களுக்கு அனுப்பிய கடிதத்தின் நடுவில் ஒரு வரியைத்தான் நீங்கள் உருவியெடுத்திருக்கிறீர்கள்.

ஒரு வசனம் முன்னால் போங்கள். எழுபது வருஷம் கழித்துத்தான் திரும்பக் கூட்டிவருவேன் என்கிறது பத்தாம் வசனம். கடிதம் வாசிக்கப்படுவதைக் கேட்டுக்கொண்டிருந்த நாற்பது வயதுக்காரன் என்ன கணக்குப் போட்டிருப்பான்? தான் அங்கேயே சாகப்போகிறோம் என்றுதான். இன்னும் மேலே போனால் வீட்டைக் கட்டு, தோட்டம் போடு, பிள்ளைகளுக்குக் கல்யாணம் செய்துவை என்று இருக்கிறது. அதாவது, இருக்கிற இடத்திலேயே இரு. ராஜினாமாவுக்கு இதைவிடப் பொருந்தாத இடத்தைத் தேடித்தான் எடுக்க வேண்டும்.

அதோடு விடவில்லை நான். 28-ஆம் அதிகாரத்தையும் படியுங்கள். அனனியா என்ற தீர்க்கதரிசி ஐந்தாம் மாதத்தில் ஆலயத்தில் எல்லோரும் பார்க்க எழுந்து, இரண்டே வருஷத்தில் எல்லாம் திரும்பிவரும் என்கிறான். அவனும் ‘கர்த்தர் சொல்லுகிறார்’ என்றுதான் ஆரம்பிக்கிறான், சுருதி பிசகாமல். பாபிலோனுக்கு அடங்குங்கள் என்பதற்கு அடையாளமாக எரேமியாவின் கழுத்திலிருந்த மர நுகத்தை எடுத்து உடைக்கிறான். மரத்துக்குப் பதில் இரும்பு நுகம் வரும் என்று பதில் வருகிறது. ஏழாம் மாதத்தில் அனனியா செத்துப்போகிறான். 29:11 இந்தச் சண்டைக்குள் நிற்கும் வசனம். ‘சீக்கிரம் சரியாகிவிடும்’ என்றவனுக்கு எதிராகச் சொல்லப்பட்டதை எடுத்து, ‘சீக்கிரம் சரியாகிவிடும்’ என்பதற்கே சாட்சியாக்கினால் நீங்கள் எரேமியாவின் கட்சியில் இல்லை, அனனியாவின் கட்சியில் இருக்கிறீர்கள்.

தமிழில் ஒரு வசதி, அதிகாரம் என்ற சொல்லுக்கு இரண்டு பொருளும் உண்டு. வசனத்துக்கு அதிகாரம் வேண்டும் என்கிறீர்கள், வசனம் இருக்கும் அதிகாரத்தைப் படிக்க மறுக்கிறீர்கள். இன்றுள்ள வசன எண்கள் புதிய ஏற்பாட்டில் ஏறியதே 1551-இல், எத்தியேன் என்ற அச்சகக்காரரின் கிரேக்கப் பதிப்பில். எரேமியா எண் போட்டு எழுதவில்லை.

வசனத்தைத் துண்டாக வெட்டினால் என்ன ஆகும் என்பதற்கு மத்தேயு 4-ஐவிட நல்ல பாடம் இல்லை. ஆலய உச்சியிலிருந்து குதி என்று இயேசுவிடம் சொல்லும் பிசாசு சங்கீதம் 91-ஐச் சரியாகவே ஒப்பிக்கிறான், ‘உன் வழிகளிலெல்லாம்’ காப்பார் என்ற பகுதியை மட்டும் விட்டுவிட்டு. நிறுத்துகிற இடமும் வசதியான இடம். அடுத்த வசனத்தில் சர்ப்பத்தை மிதிப்பது வருகிறது. இயேசு ‘வசனமெல்லாம் வேண்டாம்’ என்று சொல்லவில்லை. இப்படியும் எழுதியிருக்கிறது என்று, கர்த்தரைப் பரீட்சை பாராதே என்னும் உபாகமம் 6:16-ஐ எடுத்துப் பக்கத்தில் வைக்கிறார். வேதத்தை வேதத்தால் அளப்பது அதுதான்.

ஆகவே கண்ணை மூடிக்கொண்டு வேதத்தைத் திறக்கிற பழக்கத்தை இன்றே விடுங்கள். எரேமியா 27 முதல் 29 வரை ஒரே மூச்சில் படியுங்கள், 71 வசனம்தான். யார் பேசுகிறார், யாரிடம், ஒருவரிடமா பலரிடமா, எந்தச் சண்டையின் நடுவில் என்று பென்சிலால் ஓரத்தில் குறியுங்கள். இதே விஷயத்தை வேதம் வேறெங்கே வேறுவிதமாகச் சொல்கிறது என்று பாருங்கள். வியாக்கியானத்தைக் கடைசியில் திறங்கள், ஆனால் திறங்கள். முதலில் திறந்தால் உங்கள் கண் அவர்களுடைய கண்ணாகிவிடும். திறக்கவே இல்லையென்றால் உங்கள் ஆசைதான் கண்.

அப்புறமும் பிசகலாம், அதற்கு உத்தரவாதம் இல்லை. 1529-இல் மார்பர்க்கில் லூத்தரும் சூரிச் நகரின் சீர்திருத்தவாதி ஸ்விங்ளியும் பேச உட்கார்ந்தார்கள். இருவரும் மூலமொழி தெரிந்தவர்கள், இருவருக்கும் வேதம்தான் இறுதி. பதினைந்து குறிப்புகளில் பதினான்கில் ஒத்துப்போனார்கள். இயேசு அப்பத்தைக் காட்டிச் சொன்ன ‘இது என்னுடைய சரீரமாயிருக்கிறது’ என்பதில் அந்த ‘இருக்கிறது’ உள்ளபடியே இருக்கிறதா, வெறுமனே குறிக்கிறதா என்பதில் பிரிந்து போனார்கள். தனியறையில் ஒருவர் படித்து ஒருவரே தீர்ப்பெழுதும்போது அந்தப் பதினைந்தாவது குறிப்பு கண்ணிலேயே படாது.

வேலை விஷயம் சின்னதில்லை, குழப்பம் இருக்கத்தான் செய்யும். அதைக் கேலி செய்யவில்லை. விடத்தான் வேண்டும் என்றால் விடுங்கள், எரேமியா தலையில் போடாதீர்கள். கையில் எத்தனை மாதச் செலவுக்குப் பணம் இருக்கிறது, கடன் எவ்வளவு, நோட்டீஸ் காலம் எத்தனை நாள் என்று ஒரு தாளில் எழுதி, உங்களை நன்றாகத் தெரிந்த இரண்டு பேரிடம் காட்டுங்கள். நீதிமொழிகள் 11:14 ஆலோசனைக்காரர் பலர் வேண்டும் என்கிறது. சிரித்த நண்பர் அதில் ஒருவராக இருக்கலாம்.