கரடிக்கு 300 மீட்டர்: ஸ்வால்பார்ட் கப்பல் பயணம், கேள்வி-பதில்

கோடை சீசனுக்கு புக்கிங் தொடங்கிவிட்டதால், வட துருவத்துக்கு அருகே உள்ள நார்வே தீவுக்கூட்டமான ஸ்வால்பார்ட் பற்றிய கடிதங்கள் குவிந்துவிட்டன. பலர் ஒன்றையே கேட்டிருந்தால் ஒரு கடிதத்தை மட்டும் எடுத்துக்கொண்டேன். நூறு, நூற்றைம்பது பேர் போகும் சிறிய கப்பல்களை மனதில் வைத்து எழுதிய பதில்கள் இவை. மூவாயிரம் பேரோடு வருகிறவர்களுக்கு இவற்றில் பாதி பொருந்தாது.

ஸ்வால்பார்டுக்கு விசாவே வேண்டாம் என்று படித்தேன். பாஸ்போர்ட் மட்டும் போதுமா? (சென்னை)

ஸ்வால்பார்டில் விசா கேட்பதில்லை என்பது உண்மை. அது ஷெங்கன் (ஐரோப்பிய நாடுகளின் பொது விசாப் பகுதி) எல்லைக்கு வெளியே இருக்கிறது. ஆனால் அங்கே போகும் விமானத்தை ஓஸ்லோவிலோ ட்ரோம்சோவிலோதான் பிடிக்க வேண்டும். ஆகவே ஷெங்கன் விசா வேண்டும், அதுவும் இரண்டு முறை நுழையும் விசா. ஸ்வால்பார்டின் முக்கிய ஊரான லாங்யர்பைனுக்குப் போகும்போது ஷெங்கனை விட்டு வெளியே போகிறீர்கள், திரும்பும்போது மறுபடி நுழைகிறீர்கள். சிங்கிள் என்ட்ரியோடு வந்து, கப்பல் கிளம்பும் நாளில் ஓஸ்லோ ஹோட்டலில் உட்கார்ந்திருந்த ஒரு தம்பதியை எனக்குத் தெரியும்.

ஜூலை 10 கிளம்புகிறோம். அப்படியே துருவ ஒளியையும் பார்த்துவிடலாமா? (திருப்பூர்)

முடியாது. ஏப்ரல் 20 வாக்கில் லாங்யர்பைன் வானத்தில் நிலைத்துவிடும் சூரியன் ஆகஸ்ட் 22 வாக்கில்தான் மறுபடி அடிவானத்துக்குக் கீழே இறங்கும். நடுவில் இருட்டு என்பதே கிடையாது. இதே கேள்வி ஏழு கடிதங்களில் வந்திருக்கிறது. இத்தனை லட்சம் கட்டுகிறவர்கள் அந்த ஊரில் அந்த மாதம் இரவு உண்டா என்றாவது பார்த்துவிட்டுக் கட்டுங்கள். தூங்கும்போது கண்ணை மறைக்கும் பட்டை ஒன்று எடுத்து வாருங்கள்.

ஜூனா, ஆகஸ்டா, எது நல்லது? (ஈரோடு)

கடல்பனியும் வெள்ளை மூடிய மலைகளும் வேண்டுமென்றால் ஜூன். ஆனால் வடக்கும் கிழக்கும் பனியால் அடைபட்டிருக்கும், கரையில் இறங்கவும் இடம் குறைவு. ஆகஸ்டில் பனி விலகுவதால் தீவைச் சுற்றி வர வாய்ப்பு கூடும், நடக்கவும் நன்றாக இருக்கும். என்னைக் கேட்டால் ஜூலையின் இரண்டாவது பாதி. அப்போது அல்கேஃப்யெல்லெட் பாறைச் சுவரில் ஏறத்தாழ 60,000 ஜோடி கில்லிமாட் பறவைகள் இருக்கும். பறக்கத் தெரியாத குஞ்சுகள் அந்த உயரத்திலிருந்து கடலுக்குக் குதிக்கத் தொடங்கும் நேரமும் அதுதான்.

எந்த நாள் எந்த இடம் என்று அட்டவணை கேட்டால் கப்பல் கம்பெனி தர மறுக்கிறது. ஏமாற்று வேலையா? (மதுரை)

தர மறுத்தால் அது நேர்மையான கம்பெனி. மூடுபனி, காற்று, கடல்பனி, இறங்கும் கரையில் கரடி, இந்த நான்கில் ஒன்று வந்தாலும் அன்றைய திட்டம் மாறும். அதோடு 2025 ஜனவரி 1 முதல் பாதுகாக்கப்பட்ட பகுதிகளுக்குள் 200 பயணிகளுக்கு மேல் ஏற்றிய கப்பல் போக முடியாது, அந்தப் பகுதிகளில் 43 இடங்களில் மட்டுமே இறங்கலாம். பழைய பயணக் கட்டுரைகளை வைத்துக்கொண்டு 'அங்கே ஏன் இறக்கவில்லை' என்று வழிகாட்டிகளிடம் சண்டை போடாதீர்கள். மணிவாரியாக அட்டவணை வேண்டும் என்பவர்களுக்கு ரயில் பயணம் இருக்கிறது.

வெண்கரடியை எவ்வளவு பக்கத்தில் பார்க்கலாம்? எங்கள் ஏஜென்ட் 'பார்ப்பது உறுதி, முப்பது மீட்டரில் படம் எடுக்கலாம்' என்கிறார். (கோவை)

அவரிடம் பணம் கட்டியிருந்தால் திரும்பக் கேளுங்கள்.

ஸ்வால்பார்டில் வெண்கரடிக்கும் உங்களுக்கும் நடுவே 300 மீட்டர் இருக்க வேண்டும் என்பது 2025 ஜனவரி முதல் சட்டம். மார்ச் 1 முதல் ஜூன் 30 வரை அது 500 மீட்டர். கப்பல், ஸோடியாக் (கரைக்குப் போகும் ரப்பர் படகு), நடந்து போவது எல்லாவற்றுக்கும் இதே கணக்கு. கரடியே நம்மை நோக்கி வந்தாலும் விலகிப் போக வேண்டியது நாம்தான். 'உறுதி' என்ற சொல்லும் பொய். சுமார் 60,000 சதுர கிலோமீட்டர் தீவுக்கூட்டத்தில் நிரந்தரமாக இருக்கும் கரடிகள் முந்நூறு சொச்சம். ஒரு வாரத்தில் பெரும்பாலும் ஒன்றாவது கண்ணில் படும். சில வாரம் படாது.

சட்டத்தின் மேல் கோபப்பட்டுப் பத்துக் கடிதமாவது வந்திருக்கிறது. 'இவ்வளவு செலவு செய்து போய்ப் புள்ளியாகப் பார்ப்பதற்கா?' என்று ஒருவர் கேட்கிறார். அவருக்கு நான் பார்த்ததைச் சொல்கிறேன்.

2016 ஜூன் முதல் வாரம். வடமேற்கில் ஒரு ஃபியோர்டின் (மலைகளுக்கு நடுவே நிலத்துக்குள் நீண்டு வரும் கடல்) உள்முனையில், பனியாற்று முகப்புக்கு முன்னால், கரையோடு ஒட்டிய கடல்பனி இன்னும் உடையாமல் இருந்தது. ஒரு தாய்க்கரடி, கூடவே ஒரு குட்டி. சீலின் மூச்சுத் துளைக்கு ஒரு சாண் தள்ளி மூக்கை வைத்து, முன்கால்களை மடக்கித் தாய் படுத்திருந்தது. இருபது அடி பின்னால் குட்டியும் தாயைப் போலவே கால் மடக்கி, அசையாமல் படுத்திருந்தது. முக்கால் மணி நேரம் இரண்டும் அப்படியே கிடந்தன. மேல் தளத்தில் பொறுமை போய்விட்டது. இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று கேட்டார்கள், கப்பலும் போனது. நூறு மீட்டர் இருக்கும், கப்பலின் மூக்கு பனி விளிம்பில் உரசியது. பெரிய சத்தம்கூட இல்லை. முதலில் தாயின் காது திரும்பியது, பிறகு தலை. எழுந்து நின்று மோந்து பார்த்தது, குட்டியைக் கூட்டிக்கொண்டு நடந்தது. எழுந்து நின்றதில் படம் நன்றாக விழுந்தது என்று மேலே கைதட்டினார்கள்.

அந்தத் துளைக்கு அன்று அது திரும்பி வரவில்லை. வருஷத்துக்கான கொழுப்பைக் கரடி சேர்ப்பது கோடை பிறக்கும் முன்னான இந்த மூன்று நான்கு மாதத்தில்தான். கடல்பனி போய்விட்டால் சீல் பிடிப்பது அரிது, பறவை முட்டையும் செத்துக் கரை ஒதுங்கிய விலங்கும்தான். ஜூன் வரை 500 மீட்டர் என்று வைத்திருப்பது இதனால்தான். அன்று தளத்தில் வழிகாட்டியாக நின்றவன் நான். கப்பலை ஓட்டும் அறைக்குப் போய்க் கேப்டனைத் தடுத்திருக்க வேண்டும், செய்யவில்லை. அந்தக் குட்டியின் பசியில் எனக்கும் பங்கு உண்டு.

தூரம் மனிதருக்கும்தான். 2018 ஜூலையில் வடகோடியில் உள்ள ஏழு தீவுகளில் பயணிகளை இறக்கும் முன் கரையைச் சோதிக்கப் போன கரடிக் காவலர் ஒருவரைக் கரடி தாக்கியது. அவர் பிழைத்தார், கரடி சுடப்பட்டுச் செத்தது. அது தன் வீட்டில் இருந்தது. ஆகவே பக்கத்தில் காட்டுகிறேன் என்று யார் சொன்னாலும் அந்தக் கப்பலில் ஏறாதீர்கள். திரும்பத் திரும்ப நான் இதையே சொல்வேன்: தூரம் வேண்டும்.

ஜீன்ஸ், பருத்திச் சட்டை, மேலே ஒரு ஜாக்கெட், போதாதா? (திருச்சி)

பருத்தி வேண்டாம். ஸோடியாக்கில் உப்புத் தண்ணீர் தெறித்து நனைந்த ஜீன்ஸ் மூன்று மணி நேரம் காயாது, அந்த நேரம் முழுக்க உடம்புச் சூட்டை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். உள்ளே மெரினோ கம்பளி, நடுவில் ஃப்ளீஸ், வெளியே தண்ணீர் புகாத ஜாக்கெட்டும் பேன்ட்டும். ஜூலையில் ஐந்தாறு டிகிரி இருக்கும், காற்று அதைப் பாதியாக்கும். ரப்பர் பூட்ஸ் பெரும்பாலும் கப்பலிலேயே தருவார்கள், அளவை முன்பே எழுதிக் கொடுங்கள். கையுறை இரண்டு ஜோடி.

அம்மாவுக்கு 68 வயது, முழங்கால் வலி. ஸோடியாக்கில் ஏற முடியுமா? (கும்பகோணம்)

வீட்டு மாடிப்படியில் கைப்பிடி பிடித்து ஏறி இறங்குகிறார் என்றால் முடியும். மாலுமி கை நீட்டும்போது விரலைப் பிடிக்கக் கூடாது, முழங்கைக்குக் கீழே மணிக்கட்டை ஒட்டிப் பிடிக்க வேண்டும், அவரும் அங்கேயே பிடிப்பார். ஒரு கை வழுக்கினாலும் இன்னொன்று நிற்கும். கையில் பையோ போனோ இருக்கக் கூடாது. படகின் ரப்பர் ஓரத்தில் உட்கார்ந்து, காலைக் கரைப்பக்கம் திருப்பிப் போட்டு மெதுவாக இறங்கலாம், யாரும் அவசரப்படுத்த மாட்டார்கள். அலை அதிகமான நாளில் வேண்டாம் என்று வழிகாட்டி சொன்னால் அம்மா கேட்டுக்கொள்வார். மகன்கள்தான் வாதாடுவீர்கள். வாதாடாதீர்கள்.

பனியாற்று முகப்பைக் கையால் தொட முடியுமா? அந்த நீல நிறம் எப்படி வருகிறது? (புதுச்சேரி)

தொடக் கூடாது, கிட்டேயே போகக் கூடாது. முகப்பு தண்ணீருக்கு மேல் முப்பது, நாற்பது மீட்டர் நிற்கும், நல்ல ஓட்டுநர் 200 மீட்டருக்குக் குறைய விடமாட்டார். துண்டு உடைந்து விழுவதைப் பனியாறு கன்று போடுகிறது என்று இங்கே மாலுமிகள் சொல்வார்கள். மேலிருந்து விழுவது மட்டுமல்ல, தண்ணீருக்கு அடியில் உடைந்த துண்டு திடீரென்று மேலே பாயும், அது எங்கே வரும் என்று யாராலும் சொல்ல முடியாது. 2007 ஆகஸ்டில் ஹார்ன்சுண்ட் ஃபியோர்டில் மிக நெருங்கிப் போன ஒரு கப்பலின் தளத்தில் பனிக்கட்டிகள் வந்து விழுந்து இருபது பேர் வரை காயப்பட்டார்கள். கண்ணுக்கு முதலில் தெரிவது விழும் துண்டு, பிறகு இடி, பிறகுதான் அலை. அலையைப் பார்த்ததும் ஓட்டுநர் படகின் மூக்கை அதற்கு நேராகத் திருப்புவார். அப்போது எழுந்து நின்று படம் எடுக்காதீர்கள்.

நீலத்துக்குக் காரணம் அழுத்தம். மேலே விழும் பனியின் கனத்தில் உள்ளே இருக்கும் காற்றுக் குமிழிகள் நசுங்கிச் சிறுத்துவிடுகின்றன. வெளிச்சம் பனிக்கட்டிக்குள் ஆழமாகப் போகும்போது சிவப்பு உறிஞ்சப்படுகிறது, நீலம் மிஞ்சுகிறது. புதிதாக உடைந்த இடம்தான் ஆழ்ந்த நீலமாக இருக்கும், வெயில் பட்டு வெடித்த பரப்பு வெளுத்துவிடும்.

லீஃப்டே ஃபியோர்டில் மொனாக்கோ பனியாற்றுக்கு எதிரே எஞ்சினை அணைக்கச் சொல்லிக் கேளுங்கள். மிதக்கும் கட்டிகளிலிருந்து சோடா பாட்டிலைத் திறந்த மாதிரி ஓயாமல் ஒரு சத்தம் வரும். பலநூறு வருஷத்துக்கு முந்தைய காற்று, கட்டி கரையக் கரைய வெடித்து வெளியே வருகிறது. முகப்பின் அடியில் கலங்கல் தண்ணீர் கொப்பளிக்கும் இடத்தில் கிட்டிவேக் பறவைகள் நூற்றுக்கணக்கில் கூடும். பனியாற்றுக்கு அடியில் ஓடிவரும் உருகுநீர் கடலடியிலிருந்து மேலே ஏறும்போது மிதவை உயிர்களையும் இழுத்து வருகிறது, பறவைகளுக்கு அதுதான் பந்தி.

இந்த முகப்புகள் வருஷத்துக்கு வருஷம் பின்வாங்குகின்றன. கோங்ஸ் ஃபியோர்டில் ப்ளோம்ஸ்ட்ராண்ட்ஹல்வோயா என்று ஒரு இடம். ஹல்வோயா என்றால் தீபகற்பம். பெயர் வைத்தபோது நிலத்தோடு அதைச் சேர்த்துக்கொண்டிருந்தது பனியாறு மட்டும்தான் என்பது 1990களில் அது விலகிய பிறகு தெரிந்தது. இப்போது அதைச் சுற்றிப் படகு போகிறது.

கப்பல் மயக்கத்துக்கு என்ன செய்வது? (நாகர்கோவில்)

ஃபியோர்டுக்குள் தண்ணீர் குளம் மாதிரி இருக்கும், திறந்த கடலைக் கடக்கும் சில மணி நேரம்தான் தொல்லை. மாத்திரையை வாந்தி வருவதற்கு முன் போட வேண்டும், வந்த பிறகு போட்டுப் பயனில்லை. அவோமின் தூக்கம் தரும். உங்கள் மருத்துவரைக் கேட்டுக்கொள்ளுங்கள், மற்ற மாத்திரைகள் சாப்பிடுகிறவர்கள் கட்டாயம் கேட்க வேண்டும். கேபின் எடுக்கும்போது கீழ்த்தளம், கப்பலின் நடுப்பகுதி.

சைவம் கிடைக்குமா? (திருநெல்வேலி)

கிடைக்கும், புக்கிங் படிவத்திலேயே எழுதினால். முட்டையும் கூடாது என்றால் அதையும் எழுதுங்கள். லாங்யர்பைனை விட்டால் வழியில் காய்கறி வாங்கக் கடை கிடையாது. ஊறுகாயும் பருப்புப் பொடியும் உங்கள் பையில்.

நி-ஒலெசுண்டில் இந்திய ஆய்வு நிலையம் இருக்கிறதாமே, உள்ளே விடுவார்களா? (சென்னை)

அதன் பெயர் ஹிமாத்ரி. 2008 ஜூலையில் திறந்தது. வேலை நடக்கும் இடம், ஆகவே வெளியிலிருந்துதான் பார்க்கலாம். கப்பல் 20 கிலோமீட்டருக்குள் வரும்போதே போனில் வைஃபை, புளூடூத் எல்லாவற்றையும் அணைக்க வேண்டும். அங்கே உள்ள ரேடியோ தொலைநோக்கிக் கருவிகளுக்கு அது இடைஞ்சல். ஏரோபிளேன் மோடு போட்டுவிட்டேன் என்று காதில் வயர்லெஸ் இயர்போனோடு இறங்குகிறவர்கள் ஒவ்வொரு பயணத்திலும் உண்டு. சென்னைக்காரர் என்பதால் இன்னொன்று: பள்ளிக்கரணையில் உள்ள தேசியக் கடல் தொழில்நுட்பக் கழகம் உருவாக்கிய இண்டார்க் என்ற அளவீட்டுக் கருவித் தொகுதியை 2014 ஜூலையில் அந்த ஊர் இருக்கும் கோங்ஸ் ஃபியோர்டில்தான் இறக்கினார்கள். நீங்கள் படகில் போகும் தண்ணீருக்கு அடியில்.

கரையில் கிடக்கும் திமிங்கில எலும்பு ஒன்று எடுத்து வரலாமா? (சேலம்)

கூடாது. 1946க்கு முந்தைய மனிதத் தடயம் எதுவானாலும் இங்கே சட்டப்படி பாதுகாப்பில் இருக்கிறது, திமிங்கில வேட்டைக்காரர்கள் விட்டுப்போன துருப்பிடித்த ஆணிகூட. அடுக்கிக் கிடக்கும் எலும்புகளில் பல 17ஆம் நூற்றாண்டு வேட்டையின் மிச்சம். மேலே உட்காரவும் வேண்டாம்.

கிரெடிட் கார்டோடு வரும் இன்ஷூரன்ஸ் போதாதா? (பெங்களூரு)

பாலிசியில் 'அவசர வெளியேற்றம்' என்று தனியாக எவ்வளவு தொகை போட்டிருக்கிறது என்று படித்தீர்களா? படித்திருந்தால் இந்தக் கேள்வியே வந்திருக்காது. லாங்யர்பைனில் இருப்பது சின்ன ஆஸ்பத்திரி. பெரிய சிகிச்சை என்றால் கிட்டத்தட்ட 1,000 கிலோமீட்டர் தள்ளி ட்ரோம்சோ. வடக்குக் கரையிலிருந்து லாங்யர்பைனுக்கே ஹெலிகாப்டர்தான், அதுவும் மூடுபனி விட்டால்தான். துருவப் பகுதியையும் கப்பலையும் பெயர் சொல்லிச் சேர்த்த பாலிசி எடுங்கள். பழைய இதய நோய், சர்க்கரை இருந்தால் மறைக்காமல் எழுதுங்கள்.

டிரோன்? (ஹைதராபாத்)

வீட்டில் வைத்துவிட்டு வாருங்கள். பாதுகாக்கப்பட்ட பகுதிகளில் தடை.

பைனாகுலர் வாங்க வேண்டுமா? கணவன் மனைவி இருவருக்கும் ஒன்று போதுமா? (தஞ்சாவூர்)

வாங்குங்கள், ஆளுக்கு ஒன்று. 8x42 (எட்டு மடங்கு பெரிதாகக் காட்டுவது) போதும், அதற்கு மேல் பெருக்கினால் ஆடும் கப்பலில் கை நடுக்கமும் பெரிதாகத் தெரியும். 300 மீட்டரில் நிற்கும் கரடி அதில் நாற்பது மீட்டரில் நிற்பது போல் இருக்கும், மூக்கு ஈரம் தெரியும். கரடி திரும்பிப் பார்க்கும் அந்த நான்கு விநாடியில் 'எனக்குக் கொடுங்க' என்று கை நீட்டினால் இருவருக்குமே கிடைக்காது.