மறதி நோய் வந்தவரை ஊர் எப்படிப் பார்த்துக்கொள்வது? கேள்வி பதில்

டிமென்ஷியா என்கிற மறதி நோய் பற்றிக் கொங்குப் பக்கமிருந்து வந்த கேள்விகளுக்கு, ஓய்வு பெற்ற செவிலியர் ஒருவரின் பதில்கள்.

காங்கேயம்: எங்க அப்பாருக்கு 78 வயது. தோட்டத்துக்கு என்று கிளம்பி வேறெங்கோ போய் நிற்கிறார். வெளியே தெரிந்தால் கேவலம் என்று வீட்டில் மறைக்கிறார்கள்.

மறைத்தால் ஆபத்து அவருக்குத்தானுங்க. டீக்கடை, பால் சொசைட்டி, டவுன் பஸ் கண்டக்டர், இவர்களிடம் முதலில் சொல்லுங்கள். "அப்பாருக்கு மறதி நோய், வழி தெரியாமப் போயிடுது. தனியாப் பார்த்தா உட்கார வெச்சு டீ குடுத்துட்டு எங்களுக்குப் போன் பண்ணுங்க." இவ்வளவு போதும். பையில் சீட்டு வைத்தால் எடுத்துப் போட்டுவிடுவார். போன் நம்பரைச் சட்டையின் உள்பக்கம் தைத்துவிடுங்கள். நம்ம பக்கம் சுற்றுச்சுவர் இல்லாத கிணறுகள் அதிகம். ஆளைக் காணோம் என்றால் கிணற்று மேடு, வாய்க்கால் கரை, அவர் முன்பு குடியிருந்த தோட்டத்து வீடான சாளை, இங்கெல்லாம் உடனே ஆள் அனுப்புங்கள். கூடவே 112-க்குக் கூப்பிடுங்கள். போலீஸில் சொல்ல 24 மணி நேரம் காத்திருக்கத் தேவையே இல்லை.

பல்லடம்: சாப்பிட்டு அரை மணி ஆகியிருக்காது, "மருமகள் சோறு போடுவதில்லை" என்று அத்தை தெருவெல்லாம் சொல்கிறார்.

சாப்பிட்டது அவர் நினைவில் பதியவே இல்லை. வாதாடாமல் ஒரு வாழைப்பழத்தைக் கையில் கொடுங்கள். பக்கத்து வீட்டு அக்காவை ஒரு நாள் சாப்பாட்டு நேரத்தில் வரச் சொல்லுங்கள். அப்புறம் தெருவில் உங்களுக்காக அவரே பேசுவார்.

கோபி: வயதானால் மறதி சகஜம்தானே, டாக்டர் எதற்கு?

பேரன் பெயர் சட்டென்று வராதது சகஜம். காலமெல்லாம் செய்த அரிசிம்பருப்புச் சாதத்துக்கு என்ன போடுவது என்று திகைத்து நிற்பது சகஜமில்லை. பி12 குறைவு, தைராய்டு, விழுந்ததில் தலைக்குள் கசிந்த ரத்தம் என்று சரிசெய்யக்கூடிய காரணங்களும் உண்டு. ஓரிரு நாளில் திடீரென்று குழம்பினால் சிறுநீர்த் தொற்றாக இருக்கலாம். அன்றே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

பெருந்துறை: கல்யாணம் காதுகுத்துக்குக் கூட்டிப் போகலாமா?

தாராளமாக. ஸ்பீக்கர் பக்கம் மட்டும் உட்கார வைக்காதீர்கள். "நான் யாருன்னு சொல்லுங்க பார்க்கலாம்?" என்று வருகிறவர்கள் எல்லாம் பரீட்சை வைப்பார்கள், அதைத் தடுங்கள். "மாமா, உங்க தங்கச்சி பையன் வந்திருக்கேன்" என்று அவர்களே சொல்லட்டும்.

சோமனூர்: செப்டம்பர் 21, உலக அல்சைமர் (மறதி நோயில் ஒரு வகை) நாளில் கூட்டம் போட நினைக்கிறோம்.

சிறப்பு விருந்தினரும் பொன்னாடையும் வேண்டாமே. தறிச் சத்தத்திலேயே வாழ்ந்த ஊர் உங்களுடையது, காது பரிசோதனை முகாம் வையுங்கள். காது மந்தம், சர்க்கரை, ரத்த அழுத்தம் உட்பட டிமென்ஷியா வர வாய்ப்பைக் கூட்டும் 14 காரணங்களை லான்செட் மருத்துவ இதழின் நிபுணர் குழு 2024-இல் பட்டியலிட்டது. அத்தனையையும் சமாளித்தால் ஏறத்தாழ 45 சதவீத டிமென்ஷியாவைத் தடுக்கவோ தள்ளிப்போடவோ முடியும் என்பது அவர்கள் கணக்கு. மக்களைத் தேடி மருத்துவம் ஊழியரையும் கூப்பிடுங்கள். எந்த வீட்டில் யார் தடுமாறுகிறார்கள் என்று வீடு வீடாகப் போகிறவருக்குத்தான் தெரியும்.

அவினாசி: அம்மாவை நான் ஒருத்திதான் பார்க்கிறேன். அண்ணன்கள் போனில் யோசனை மட்டும் சொல்கிறார்கள்.

"ஞாயிறு மதியம் ரெண்டு மணியிலிருந்து ஆறு வரைக்கும் நீங்க இருங்க" என்று நாளும் நேரமும் சொல்லிக் கேளுங்கள் அம்மணி. பொதுவாகக் கேட்டால் யோசனைதான் வரும். முதியோர் உதவிக்கு 14567, உங்கள் மனசு தாங்கவில்லை என்றால் அரசின் மனநல உதவி எண்ணான டெலிமனஸ் 14416. இரண்டும் இலவசம், தமிழிலேயே பேசலாம்.