செண்பகம் கேட்டேன், வேறு மரம் வந்தது

அன்புள்ள ஐயா,

களியக்காவிளையிலிருந்து எழுதுகிறேன். மகள் பிறந்ததும் நடுவதற்காகப் பாறசாலைப் பக்கம் ஒரு நர்சரியில் செண்பகக் கன்று கேட்டு வாங்கினேன். 3 வருடம் கழித்து இப்போது பூத்திருக்கிறது. வெள்ளையாக ஐந்து இதழ், நடுவில் மஞ்சள். மாமியார், "இது சுடுகாட்டுப் பூ, வெட்டிப்போடு" என்கிறார். கடைக்காரர் என்னை ஏமாற்றிவிட்டாரா?

ஒரு வாசகி

அன்புள்ள சகோதரிக்கு,

கடைக்காரரைத் திட்டாதீர்கள். நீங்கள் தமிழில் கேட்டீர்கள், அவர் காதில் அது மலையாளமாக விழுந்திருக்கிறது. பாறசாலை கேரளத்தில் இருக்கிறது. அங்கே ஈழச்செம்பகத்தைச் சுருக்கிச் செம்பகம் என்றே சொல்லிவிடுவார்கள். அதுவே தமிழில் ஈழத்தலரி. எல்லைக்கு அந்தப் பக்கம் செண்பகத்துக்கு உறவாக்கிய மரத்தை இந்தப் பக்கம் அலரிக்கு, அதாவது அரளிக்கு, உறவாக்கியிருக்கிறோம். தாவரவியல் நம் கட்சி: அதுவும் அரளியும் ஒரே குடும்பம்.

பூக்கும்வரை நீங்கள் காத்திருந்திருக்கவே வேண்டாம். ஓர் இலையைக் கிள்ளியிருந்தால் போதும். ஈழத்தலரியில் வெள்ளையாகப் பால் வடியும், செண்பகத்தில் வடியாது. செண்பகக் குச்சியில் இலை விட்ட கணுதோறும் மோதிரம் போட்டதுபோல் ஒரு தழும்பு சுற்றி ஓடும். ஈழத்தலரியின் கிளை சதைப்பற்றோடு தடித்திருக்கும். வறட்சியில் இலையெல்லாம் உதிர்த்து மொட்டையாக நிற்கும். பூவில் குழப்பமே இல்லை. செண்பகத்துக்குப் பத்துக்கும் மேற்பட்ட ஒடுங்கிய இதழ்கள், பொன்னிறம், இலைக்கக்கத்தில் தனித்தனியாகப் பூக்கும். ஈழத்தலரி கிளை நுனியில் கொத்தாக, காற்றாடிபோல் ஒரு பக்கம் சாய்ந்த ஐந்தே இதழ்களோடு.

குறிஞ்சிப்பாட்டில் கபிலர் "பெருந்தண் சண்பகம்" என்றது செண்பக மரத்தை. உங்கள் வீட்டு மரத்தை அவர் பார்த்திருக்க வழியில்லை. அதன் பிறந்தகம் மெக்சிகோவும் நடு அமெரிக்காவும். பெயரில் ஈழம் இருந்தாலும் அங்கும் அது வந்து சேர்ந்த மரம்தான். அங்கே அதைப் புத்தருக்குப் படைக்கிறார்கள் என்று மாமியாரிடம் சொல்லிப் பாருங்கள்.

ஏமாற்று என்றால் அது பூவின் வேலை. அதில் சொட்டுத் தேன் கிடையாது. இரவில் வாசனையைக் கூட்டி அந்துப்பூச்சிகளை வரவழைத்து, மகரந்த வேலையைச் சும்மா வாங்கிக்கொள்கிறது. இவ்வளவு சாமர்த்தியமான மரத்தை வெட்ட எனக்கு மனம் வராது.

மகளுக்குச் செண்பகம்தான் வேண்டுமென்றால் ஒட்டுக்கன்றாக வாங்குங்கள். விதைக்கன்று பூக்கப் பல வருடம் எடுக்கும். கடையிலேயே ஓர் இலையைக் கிள்ளிப் பாருங்கள். கடைக்காரர் முறைத்தால் முறைக்கட்டும்.