சிமுலேஷன் பேஸ்பால் லீக்கில் ஆட்ட வரம்பும் தண்டனையும்: கேள்வி பதில்

நிஜ வீரர்களின் புள்ளிவிவரங்களைக் கொண்டு அணி அமைத்து மேசையிலோ கணினியிலோ ஆடுவதுதான் சிமுலேஷன் பேஸ்பால். ஸ்ட்ராட்-ஓ-மேட்டிக் போன்ற கார்டு விளையாட்டானாலும் டைமண்ட் மைண்ட் போன்ற கணினி விளையாட்டானாலும், ஒரு வீரர் ஒரு சீசனில் நிஜமாக ஆடிய ஆட்டம்தான் அவருடைய கார்டாக நம் கைக்கு வருகிறது. அந்தக் கார்டை லீக்கில் எவ்வளவு பயன்படுத்தலாம், அளவு மீறினால் என்ன செய்யலாம் என்று உறுப்பினர்கள் கேட்டவற்றுக்கு இங்கே பதில் தருகிறேன்.

கேள்வி: டிராஃப்டில் (அணிகள் முறைவைத்து வீரர்களைத் தேர்வு செய்யும் நிகழ்வில்) முறையாகத் தேர்ந்தெடுத்த என் வீரரை எல்லா ஆட்டங்களிலும் இறக்க எனக்கு உரிமை இல்லையா? வரம்பு எதற்காக?

1957-இல் மில்வாக்கி பிரேவ்ஸ் அணிக்கு ஆடிய பாப் ஹேஸில் என்ற வீரரை எடுத்துக்கொள்ளுங்கள். சீசனின் பிற்பகுதியில் அணிக்குள் வந்த அவர், 41 ஆட்டங்களில் 134 அட்-பேட்டுகளுக்கு (சராசரிக் கணக்கில் சேரும் பேட்டிங் வாய்ப்புகள்) 54 ஹிட் அடித்து .403 சராசரி (ஹிட்டை அட்-பேட்டால் வகுத்தது) பெற்றார். அடுத்த ஆண்டோடு மேஜர் லீக்கில் அவருடைய ஆட்டம் முடிந்துவிட்டது. ஆனால் 1957-ஆம் ஆண்டின் கார்டுக்கு அந்தப் பின்கதை தெரியாது. எத்தனை முறை இறக்கினாலும் அது .403 வீரராகவே ஆடும். வரம்பில்லாத லீக்கில் அவருக்கு 550 அட்-பேட் கொடுத்தால் 220 ஹிட்டுக்குக் குறையாமல் எதிர்பார்க்கலாம். முழு சீசன் உழைத்து .320 அடித்த ஒருவரைவிடச் சில வாரம் ஆடியவர் மதிப்பு மிக்கவராகிவிடுவார். கார்டில் இருக்கும் திறமை எவ்வளவு ஆட்டத்திலிருந்து வந்ததோ அவ்வளவுக்கு மட்டுமே அது உண்மையானது. உங்கள் உரிமையும் அந்த அளவோடு நிற்கிறது.

கேள்வி: வரம்பை அட்-பேட் கணக்கில் வைப்பதா, பிளேட் அப்பியரன்ஸ் கணக்கில் வைப்பதா? எங்கள் லீக்கில் இதற்கே ஒவ்வோர் ஆண்டும் சண்டை வருகிறது.

பிளேட் அப்பியரன்ஸ், அதாவது பேட் செய்ய வந்த எல்லா முறைகளும், என்பதே என் உறுதியான கருத்து. அட்-பேட்டில் வாக் (நான்கு தவறான பந்துகளால் இலவசமாகக் கிடைக்கும் முதல் பேஸ்), பந்து உடலில் பட்டுக் கிடைக்கும் பேஸ், சேக்ரிஃபைஸ் (தான் அவுட்டாகிச் சக வீரரை முன்னேற்றுவது) ஆகியவை சேர்வதில்லை. இதனால் என்ன நேர்கிறது என்பதை 2004-ஆம் ஆண்டின் பேரி பாண்ட்ஸ் கார்டில் தெளிவாகப் பார்க்கலாம். அந்த ஆண்டில் அவர் 617 முறை பேட் செய்ய வந்தார். அதில் 232 முறை வாக், அவற்றிலும் 120 எதிரணி வேண்டுமென்றே கொடுத்தவை. பந்து உடலில் பட்டவை, சேக்ரிஃபைஸ் ஆகியவையும் போக எஞ்சிய அட்-பேட்டுகள் 373 மட்டுமே, அவற்றில் 45 ஹோம் ரன்.

உங்கள் வரம்பு 373 அட்-பேட் என்று இருந்தால், அவர் எத்தனை ஆட்டம் ஆடலாம் என்பதை எதிரணிகளே தீர்மானிக்கின்றன. எல்லாரும் அஞ்சி வாக் கொடுத்துக்கொண்டே இருந்தால் அவருடைய கணக்கு கரையாது. நிஜத்தில் ஆடியதைவிடக் கூடுதலான ஆட்டங்களில் அவரை இறக்கலாம். யாருமே வேண்டுமென்றே வாக் கொடுக்காவிட்டால் சுமார் 497 முறை வந்ததுமே வரம்பு தீர்ந்து, சீசன் முடியும் முன்பே அவர் பெஞ்சில் உட்கார வேண்டியிருக்கும். 617 பிளேட் அப்பியரன்ஸ் என்று வைத்தால் யார் எப்படிப் பந்து வீசினாலும் அளவு மாறாது. அப்போது துணிந்து பந்து வீசும் லீக்கில் அவருக்கு ஏறத்தாழ 90 அட்-பேட்டும், அதன் வழியே சுமார் 11 ஹோம் ரன்னும் கூடுதலாகக் கிடைக்கும் என்பது உண்மைதான். அது எதிரணி மேலாளர்கள் தெரிந்தே எடுத்த முடிவின் விளைவு என்பதால் அதில் அநீதி இருப்பதாக நான் கருதவில்லை.

கேள்வி: ரிலீஃப் பிட்சர்களுக்கு (ஆட்டத்தின் நடுவில் வந்து பந்து வீசுபவர்களுக்கு) இன்னிங்ஸ் வரம்பு மட்டும் போதுமா?

போதாது. 1990-இல் டென்னிஸ் எக்கர்ஸ்லி 63 ஆட்டங்களில் 73⅓ இன்னிங்ஸ் வீசி, 4 வாக் மட்டுமே கொடுத்து, 0.61 இ.ஆர்.ஏ. (ஒன்பது இன்னிங்ஸுக்கு விட்டுக்கொடுத்த ரன்களின் சராசரி, ஃபீல்டிங் பிழையால் வந்தவை நீங்கலாக) பெற்றார். இன்னிங்ஸ் வரம்பு மட்டும் இருந்தால், நெருக்கடியான இடங்களில் ஒரே ஓர் அவுட் எடுக்க மட்டும் அவரைக் கூப்பிட்டு, 100 ஆட்டங்களுக்கு மேல்கூடப் பயன்படுத்திவிடலாம். எனவே இன்னிங்ஸோடு ஆட்ட எண்ணிக்கைக்கும் வரம்பு வேண்டும். அடுத்தடுத்த நாள்களில் வீசுவதற்கும் ஓய்வு விதி வேண்டும். ஸ்டார்ட்டர்களுக்கு, அதாவது ஆட்டத்தைத் தொடங்கும் பிட்சர்களுக்கு, நிஜத்தில் தொடங்கிய ஆட்டங்களின் எண்ணிக்கையை வரம்பாக்கலாம். கணக்கை அவுட்டுகளில் வைத்துக்கொள்ளுங்கள்: ஓர் இன்னிங்ஸுக்கு 3 அவுட் என்பதால் 73⅓ இன்னிங்ஸ் என்பது 220 அவுட். பின்னங்களைக் கூட்டும்போது வரும் பிழைகள் இதனால் முழுவதும் ஒழிந்துவிடும்.

கேள்வி: 2020 கார்டுகளை வைத்து 162 ஆட்ட சீசன் நடத்துகிறோம். வரம்பை எப்படிக் கணக்கிடுவது?

அந்த ஆண்டில் ஓர் அணிக்கு 60 ஆட்டங்களே என்பதால் 2.7-ஆல் பெருக்க வேண்டும். ஹுவான் சோட்டோவின் 196 பிளேட் அப்பியரன்ஸ் 529 ஆகும். ஆனால் பெருக்குவதால் சிறிய மாதிரியின் குறை நீங்கிவிடாது என்பதால், அத்தகைய சீசனில் பெருக்கி வந்த அளவின் 100 சதவீதத்துக்கு மேல் எந்தச் சலுகையும் தரக் கூடாது.

கேள்வி: மீறியவர்களுக்கு எவ்வகைத் தண்டனை நியாயமானது? அடுத்த சீசனில் அதே வீரரின் வரம்பைக் குறைக்கலாம் என்று எங்கள் கமிஷனர் (லீக்கை நிர்வகிப்பவர்) சொல்கிறார்.

அந்த யோசனை கேட்க நன்றாக இருந்தாலும் பெரும்பாலும் பலிக்காது. குறைந்த ஆட்டத்தில் அபாரமாக ஆடியவரைத்தான் மேலாளர்கள் வரம்பு மீறி இறக்குகிறார்கள். அப்படிப்பட்டவருடைய அடுத்த ஆண்டுக் கார்டு பெரும்பாலும் சாதாரணமாகவே இருக்கும். யாரும் இறக்க விரும்பாத கார்டுக்கு வரம்பைக் குறைத்து என்ன பயன்?

நான் பரிந்துரைப்பது படிப்படியான முறை. வரம்பின் 105 சதவீதம் வரை கடைசி வாரக் கணக்குப் பிசகு என்று விட்டுவிடலாம். அதற்கு மேல் 110 வரை போனால் டிராஃப்டின் நடுச் சுற்றுத் தேர்வு ஒன்றை இழக்க வேண்டும். 110-ஐத் தாண்டினால் முதல் சுற்றுத் தேர்வையே இழக்க வேண்டும். தேர்வு வரிசையில் பின்னுக்குத் தள்ளுவது மட்டும் போதாது, ஏனெனில் சாம்பியன் அணி எப்படியும் கடைசியில்தான் தேர்வு செய்யும். எந்தத் தண்டனையானாலும் சீசனின் முதல் ஆட்டத்துக்கு முன்பே எழுத்தில் இருக்க வேண்டும். மீறல் நடந்த பிறகு விதி எழுதினால், அது எவ்வளவு நியாயமாக இருந்தாலும், ஓர் ஆளைக் குறிவைத்ததாகவே தோன்றும்.

கேள்வி: மீறிய ஆட்டங்களின் வெற்றியை ரத்து செய்தால் என்ன?

வேண்டாம். அந்த வெற்றி அன்றைய எதிரணியின் கணக்குக்குப் போகும். அதே பிரிவில் அந்த எதிரணியோடு போட்டியிடும் மூன்றாவது அணி எந்தத் தவறும் செய்யாமலே பின்தங்கும். மாறாக, வரம்பு மீறிய அணி பிளே-ஆஃப் (சீசன் முடிவில் நடக்கும் தகுதிச் சுற்று) இடத்துக்குச் சமநிலையில் நின்றால் அந்த இடத்தை இழக்கும் என்று விதி வைக்கலாம்.

கேள்வி: வெளியூர் ஆட்டத்தில் என் அணியைக் கணினி மேலாளர் நடத்தி, என் வீரரை வரம்பு தாண்டி இறக்கிவிட்டது. நான் ஏன் தண்டனை ஏற்க வேண்டும்?

வரம்பை நெருங்கிய வீரரைப் பட்டியலிலிருந்து நீக்கி அறிவுறுத்தல் அனுப்புவது உங்கள் கடமை. அனுப்பாமல் இருந்தால் பொறுப்பு உங்களுடையதே. அனுப்பியும் ஆட்டத்தை நடத்தியவர் அதை ஏற்றாமல் விட்டிருந்தால், மீறிய அளவு உங்கள் கணக்கில் சேரக் கூடாது, தண்டனை அவருக்கே போக வேண்டும். அறிவுறுத்தல் அனுப்பிய நேரம் பதிவாகியிருந்தால் இந்த வழக்கு சில நிமிடங்களில் தீர்ந்துவிடும்.

கேள்வி: சீசன் நடுவில் டிரேடில் (அணிகளுக்கிடையிலான வீரர் பரிமாற்றத்தில்) வந்த வீரருக்குப் புதுக் கணக்கா? ஒட்டானி போல பேட்டிங், பந்து வீச்சு இரண்டும் செய்பவருக்கு?

வரம்பு கார்டுக்குரியது, அணிக்குரியதல்ல. பழைய அணி பயன்படுத்தியது போக மீதமே உங்களுக்கு. 2022-ஆம் ஆண்டின் ஒட்டானிக்கு 666 பிளேட் அப்பியரன்ஸ், 166 இன்னிங்ஸ் எனத் தனித்தனிக் கணக்கு வையுங்கள்.

கேள்வி: பிளே-ஆஃபில் வரம்பு தேவையா?

மிகவும் தேவை. சீசன் முழுவதும் சிக்கனமாக வைத்திருந்த ஹேஸில் கார்டை ஏழு ஆட்டத் தொடரில் தினமும் இறக்கினால், அதுவரை காத்த ஒழுங்கெல்லாம் வீணாகும். விகிதப்படி கணக்கிடுங்கள். எளிமைக்காக இங்கே அட்-பேட்டிலேயே சொல்கிறேன்: 154 ஆட்ட சீசனில் 134 அட்-பேட் என்றால் ஏழு ஆட்டங்களுக்கு 6 மட்டுமே வரும். ஒரு தொடக்க ஆட்டமும் சில பிஞ்ச் ஹிட் (மாற்று வீரராக வந்து பேட் செய்யும்) வாய்ப்புகளும் அதில் அடங்கும். நிஜத்தில் 502 பிளேட் அப்பியரன்ஸ், அதாவது 162 ஆட்ட சீசனில் பேட்டிங் பட்டத்துக்குத் தகுதி பெறும் அளவு, ஆடியவர்களுக்கு மட்டும் இந்த விகிதத்திலிருந்து விலக்கு அளிக்கலாம்.