வெயிலைவிட ஆறாத புண்தான் கவலை

கேள்வி: வயது 52. முப்பது வருஷமாக நடவு, களையெடுப்பு வேலை. கறுத்த உடம்புக்குத் தோல் புற்றுநோய் வராது என்கிறார்களே, நிஜமா? சின்ன வயதில் நெல் அவிக்கும்போது கெண்டைக்காலில் கொதிதண்ணீர் கொட்டிய தழும்பு இன்னும் அடிக்கடி வெடிக்கிறது. பாவாடை நாடா கட்டும் இடமும் கறுத்துத் தடித்திருக்கிறது.
– வாசகி, வலங்கைமான்

பதில்: குறைவாக வரும், அவ்வளவுதான். தோலில் உள்ள மெலனின் என்ற நிறமி வெயிலின் புற ஊதாக் கதிரைப் பெருமளவு தடுத்துவிடுகிறது. அதனால் வயல் வெயில் உங்களுக்கு முதல் ஆபத்து இல்லை. எங்களைக் கவலைப்பட வைப்பது அந்தத் தழும்புதான்.

வெடிப்பதும் ஆறுவதுமாகவே இருக்கும் தழும்பில், புதுத் தோல் போடுவதற்காகச் செல்கள் ஓயாமல் பிரிந்துகொண்டே இருக்கும். 20, 30 வருஷம் கழித்து அதில் புற்று கிளம்புவதுண்டு. தொழுநோயால் மரத்துப்போன பாதத்தின் நாள்பட்ட புண்ணுக்கும் இதே ஆபத்து உண்டு. வெடிப்பு ஒரு மாதத்தில் ஆறவில்லையா, ஓரம் மேடிட்டுக் கெட்டியாகிறதா, தொட்டாலே ரத்தம் வருகிறதா, காலிஃபிளவர் போலச் சதை வளர்கிறதா? இதில் ஒன்று இருந்தாலும் மஞ்சளைப் பூசிக்கொண்டு நாளைக் கடத்தாதீர்கள், அம்மா. தஞ்சாவூர் அல்லது திருவாரூர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் தோல் மருத்துவரிடம் காட்டுங்கள். மரத்துப்போக ஊசி போட்டு, புண்ணின் ஓரத்திலிருந்து துளி சதை எடுத்துப் பரிசோதிப்பார்கள். நடுவில் எடுத்தால் பெரும்பாலும் செத்த சதைதான் வரும். புண் பெரிதாக இருந்தால் இரண்டு மூன்று இடத்தில் எடுக்க வேண்டியிருக்கும். ‘கத்தி பட்டால் பரவும்’ என்று வீட்டில் தடுப்பார்கள், கேட்காதீர்கள். தள்ளிப்போட்டால்தான் தொடை இடுக்கு நெறிகட்டிவரை போகும்.

வேட்டி இறுக்கும் இடுப்பில் வரும் புற்றை நம் நாட்டு மருத்துவர்கள் 1945-லேயே பதிவு செய்திருக்கிறார்கள். பாவாடை நாடாவாலும் வருகிறது, ஆனால் அரிது. மெல்லிய நாடா வருஷக்கணக்கில் ஒரே இடத்தை அறுப்பதுதான் காரணம். மூன்று விரல் அகலப் பட்டை தைத்துக்கொள்ளுங்கள். தினமும் சற்று ஏற்றியோ இறக்கியோ கட்டுங்கள், இரவில் தளர்த்திவிடுங்கள். வெறும் கறுப்புக்குப் பயம் வேண்டாம். அந்த இடம் புண்ணாகி ஆறாமல் நின்றால் அதையும் காட்டுங்கள்.

கேள்வி: கால் கட்டைவிரல் நகத்தில் கறுப்பு. மண்வெட்டி பட்ட ரத்தக்கட்டா, வேறு ஏதாவதா?
– வாசகர், திருத்துறைப்பூண்டி

பதில்: நம்மவர்களுக்கு மெலனோமா என்ற, நிறமிச் செல்லில் கிளம்பும் தோல் புற்று வந்தால் பெரும்பாலும் உள்ளங்காலிலும் நகத்தடியிலும்தான் வருகிறது, அதனால் கேட்டது நல்லது. சேற்றைக் கழுவிவிட்டுப் பகல் வெளிச்சத்தில் பாருங்கள். கால் நகம் மாதத்துக்குச் சுமார் ஒன்றரை மில்லிமீட்டர் வளரும். ரத்தக்கட்டு என்றால் நகத்தோடு முன்னே நகர்ந்து, இரண்டு மாதத்தில் வேர்ப்பக்கம் 3 மி.மீ. அளவுக்குச் சுத்தமான நகம் தெரியும். வேரிலிருந்து நுனிவரை கோடாக ஓடி, நாளாக ஆக அகலமானாலோ, நகத்தைச் சுற்றிய தோலிலும் கறுப்பு ஏறினாலோ இரண்டு மாதம் காத்திருக்கக் கூடாது. பல நகங்களில் ஒரே மாதிரி மெல்லிய கோடுகள் இருப்பது கறுத்த தோலில் சகஜம். விரல் இடுக்கில் வெள்ளையாக ஊறி அரிப்பது சேற்றுப்புண், அது புற்று இல்லை.