மாநிலப் பல்கலைக்கழகத்துக்குப் பணம் எங்கிருந்து வருகிறது? கேள்வி பதில்

நிதிப் பிரிவில் பல வருடம் கோப்பு தள்ளியவன் நான். தெரிந்ததைச் சொல்கிறேன்.

கேள்வி: பல்கலைக்கழகச் சம்பளமும் கருவூலத்திலிருந்துதானே வருகிறது?

பதில்: அது அரசுக் கல்லூரிக்கு. பல்கலைக்கழகத்துக்கு அரசு தொகுப்பு மானியம், அதாவது மொத்தமாக ஒரு தொகை, தரும். மீதியைத் தேர்வுக் கட்டணம், கல்லூரிகளின் இணைப்புக் கட்டணம், தொலைதூரக் கல்வி என்று அதுவே தேடிக்கொள்ள வேண்டும்.

கேள்வி: ஐயா, சென்னைப் பல்கலைக்கழகத்தின் வங்கிக் கணக்குகளை வருமான வரித்துறை முடக்கியதே? கல்விக்கு எதற்கு வரி?

பதில்: அரசுப் பணத்தில் கணிசமாக நடக்கும் கல்வி நிறுவனத்துக்கு வரிவிலக்கு உண்டு. கணிசம் என்றால் எவ்வளவு? மொத்த வரவில் அரசு மானியம் பாதிக்கு மேல் இருக்க வேண்டும் என்கிறது விதி. சென்னையில் அது பாதிக்குக் கீழே போய்விட்டது என்று சொல்லித்தான், 2024 தொடக்கத்தில் சுமார் 424 கோடி ரூபாய் கேட்டுக் கணக்குகளை முடக்கினார்கள். மானியம் குறைந்ததே ஒரு அடி, அதற்காக வரி இன்னொரு அடி!

கேள்வி: மானியம் ஏன் குறைகிறது?

பதில்: அரசு ஒப்புதல் இல்லாத பணியிடத்தில் ஆள் போட்டால் உள்ளாட்சி நிதித் தணிக்கைத் துறை ஆட்சேபம் எழுப்பும். அந்தச் செலவுக்கு மானியம் கிடைக்காது. ஆனால் போட்ட ஆளுக்குச் சம்பளம், அப்புறம் ஓய்வூதியம் எல்லாம் கொடுத்தாக வேண்டும். நியமித்த துணைவேந்தர் எப்போதோ போயிருப்பார். இன்னொன்றை யாரும் பேசுவதில்லை. மதுரை காமராசர் பல்கலைக்கழகத்திலிருந்து 1990-ல் நெல்லைப் பக்கத்துக் கல்லூரிகள் புதிய மனோன்மணீயம் சுந்தரனார் பல்கலைக்கழகத்துக்குப் போயின. 2002-ல் வேலூர்ப் பக்கத்துக் கல்லூரிகள் சென்னையிலிருந்து திருவள்ளுவர் பல்கலைக்கழகத்துக்குப் போயின. கல்லூரியோடு கட்டணமும் போய்விட்டது. பழைய ஓய்வூதியர்கள் தாய்வீடான பழைய பல்கலைக்கழகத்தின் பொறுப்பிலேயே இருக்கிறார்கள்.

கேள்வி: மத்திய அரசு கைகொடுக்காதா?

பதில்: ஏழாவது ஊதியக் குழுவால் ஆசிரியர் சம்பளம் உயர்ந்தபோது கூடுதல் செலவில் பாதியை 2019 மார்ச் வரை ஏற்றார்கள். பிறகு அது மாநிலத்தின் தலையில்.

கேள்வி: அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தை எடுத்த மாதிரி மாநில அரசே எடுத்துக்கொண்டால்?

பதில்: 2013-ல் எடுத்தபோது சம்பளப் பட்டியலும் சேர்ந்தே வந்தது. உபரி ஆட்களைப் பணி நிரவலில் அரசுக் கல்லூரிகளுக்கும் பிற துறைகளுக்கும் அனுப்பினார்கள். அதை இன்னொரு முறை செய்ய எந்த நிதித்துறைக்கும் ஆசை வராது.

கேள்வி: சரி, கட்டணத்தை ஏற்றலாமே?

பதில்: 2023-ல் அண்ணா பல்கலைக்கழகம் தேர்வுக் கட்டணத்தை ஏற்றிப் பார்த்தது. அமைச்சரே நிறுத்திவைத்துவிட்டார்.