கடைக்குள் காய்ச்சல்

கேள்வி: யாழ். நகரில் புடவைக் கடை வைத்திருக்கிறேன். 14 பேர் வேலை செய்கிறார்கள், கடை முழுக்க ஏ.சி. புதுவகைப் புளூ பரவினால் என்ன ஆயத்தம் செய்யவேண்டும்? வாசலில் சனிடைசர் வைத்தால் போதுமா?

பதில்: போதாது. காய்ச்சல்காரர் சம்பளம் போய்விடுமே என்ற பயத்தில் பனடோலைப் போட்டுக்கொண்டு வேலைக்கு வந்து நிற்காதபடி செய்வதுதான் முதல் வேலை. பனடோல் காய்ச்சலை இறக்குமே தவிர, கிருமி பரவுவதை நிறுத்தாது. புளூ பிடித்தவர் அறிகுறி தெரிவதற்கு ஒரு நாள் முன்பிருந்து, பிறகு 5 முதல் 7 நாள்வரை மற்றவருக்குத் தொற்றவைக்கலாம். முதல் 3 நாள்தான் மிக மோசம்.

கடை, அலுவலக ஊழியர் சட்டப்படி இரண்டாம் வருடத்திலிருந்து வருடத்துக்கு 7 நாள் சம்பளத்துடன் கஷுவல் லீவு உண்டு. சுகயீனமும் அதற்குள்தான் அடங்கும். முதல் வருடத்தில் ஒவ்வொரு இரண்டு மாதமும் முடிய ஒரு நாள் மட்டுமே. அதனால் புதிதாகச் சேர்ந்த பிள்ளைகள்தான் இருமிக்கொண்டும் வருவார்கள். தொற்றுக் காலத்துக்கென்று ஆளுக்கு 5 நாள் மேலதிகமாகக் கொடுங்கள், அதை இப்போதே எல்லாருக்கும் சொல்லிவையுங்கள். முதல் நாளே மருத்துவச் சான்றிதழ் கேட்காதீர்கள்; அதற்காக அவர் ஓ.பி.டி. வரிசையில் இருமிக்கொண்டு நிற்கவேண்டி வரும். பனடோல் போடாமலே 24 மணி நேரம் காய்ச்சல் இல்லாமல் இருந்தபின் வேலைக்கு வரலாம்.

அடுத்தது காற்று. சுவரில் பூட்டும் ஏ.சி. அறைக்குள் இருக்கும் காற்றையே இழுத்து, குளிராக்கி, திரும்ப விடுகிறது. வெளிக்காற்று அதால் வராது. ஒரு ஊதுபத்தியைக் கொளுத்திக் கடை நடுவில் பிடித்துப் பாருங்கள். புகை அங்கேயே சுற்றி நின்றால் இருமினவரின் மூச்சும் அப்படித்தான் நிற்கும். பின் யன்னலில் வெளிப்பக்கம் தள்ளும் எக்ஸோஸ்ட் ஃபேன் பூட்டி, முன் கதவை ஒரு சாண் திறந்துவிட்டால் புகை பின்பக்கம் சாயவேண்டும். சாயாவிட்டால் பெரும்பாலும் ஃபேன் மாறிப் பூட்டப்பட்டிருக்கும், அல்லது சீலைக்கட்டு யன்னலை மறைத்திருக்கும். கரண்ட் பில் கூடும்தான். ஏ.சி.யை 26 பாகையில் வையுங்கள்.

மாஸ்க் போட்ட கடைகளிலும் பலர் கோட்டைவிடுவது மத்தியானச் சாப்பாட்டில். ஸ்ரோர் அறையில் எட்டுப் பேர் முழங்கால் முட்ட இருந்து சோத்துப் பார்சல் அவிழ்ப்பார்கள், மாஸ்க் நாடிக்குக் கீழே. மூன்று மூன்று பேராக, பின் விறாந்தையில் சாப்பிடச் சொல்லுங்கள்.

காசு மேசை, வங்கி வேலை, கொழும்புக்கு ஓடர் கொடுப்பது, ஒவ்வொன்றும் இரண்டு பேருக்காவது தெரிந்திருக்கட்டும். அந்த இருவரும் ஒன்றாகச் சாப்பிடவேண்டாம். 5 பேர் வராவிட்டால் கடை எப்படி ஓடும் என்று ஒரு நாள் நடத்திப் பாருங்கள்.

கேள்வி: கிணற்றுக்குப் போடும் வெளிற்றும் தூளால் மேசை துடைக்கலாமா? எவ்வளவு போடுவது?

பதில்: துடைக்கலாம். தூளில் 30 வீதமளவு குளோரின் இருந்தால் 10 லீற்றர் வாளிக்கு 35 கிராம். கலக்கி அரை மணி நேரம் அடையவிட்டு, மேலே தெளிந்த தண்ணீரை மட்டும் எடுங்கள். அழுக்கை முதலில் சவர்க்காரத்தால் போக்கவேண்டும். அழுக்கே குளோரினைத் தின்றுவிடும். துடைத்த இடம் 10 நிமிடம் ஈரமாக இருக்கவேண்டும். அன்றைக்குக் கரைத்தது அன்றைக்குத்தான். வாய் திறந்து மாதக்கணக்கில் கிடந்த பைத்தூளில் வீரியம் இராது. ரொய்லற் கழுவும் அசிட்டோடு ஒருபோதும் சேர்க்காதீர்கள், நச்சு வாயு வரும். இரும்பைத் துருப்பிடிக்கவைக்கும் என்பதால் கொம்பியூட்டருக்கு 70 வீத ஸ்பிரிட் நனைத்த துணி போதும். ஆனாலும் புளூ பெரும்பாலும் மூச்சால்தான் பரவுகிறது. மேசைக்குச் செலவிடும் கவனத்தில் பாதியையாவது யன்னலுக்குக் கொடுங்கள்.

கேள்வி: மாரிகாலத்தில் டெங்குவும் வருகிறதே, எப்படிப் பிரித்தறிவது?

பதில்: இருமல், தொண்டை நோ, மூக்கொழுகல் முன்னுக்கு நின்றால் புளூவாக இருக்கலாம். அவை இல்லாமல் கடும் காய்ச்சலும் கண்ணுக்குப் பின்னால் நோவும் என்றால் டெங்குவை நினைக்கவேண்டும். நிச்சயமாகச் சொல்ல இரத்தப் பரிசோதனை வேண்டும். காய்ச்சல் மூன்றாம் நாள் தொட்டால் எஃப்.பி.சி. என்ற இரத்த அணுக்களை எண்ணும் பரிசோதனையை எடுக்காமல் விடாதீர்கள். அதுவரை வளர்ந்தவருக்குப் பரசிற்றமோல் (பனடோலும் இதுதான்) 500 மில்லிகிராமில் இரண்டு, ஆறு மணிக்கொருதரம், நாளுக்கு 8 குளிசைக்கு மேற்படாமல். அஸ்பிரின், ஐபுபுரோஃபென், டைக்லோஃபினாக் வேண்டாம். டெங்கு என்றால் இரத்தப்போக்கைக் கூட்டும். கடை முதலுதவிப் பெட்டியில் இவை இருந்தால் இன்றே எடுத்துவிடுங்கள்.

கேள்வி: எங்கள் கடையில் ஒரு பெண் ஆறு மாதக் கர்ப்பிணி. அவவுக்கு என்ன செய்வது?

பதில்: 2009இல் பரவிய எச்1என்1 கர்ப்பிணிகளைக் கடுமையாகத் தாக்கியது. அவவைக் காசு மேசையிலிருந்து எடுத்துக் கணக்கு வேலைக்கு, யன்னலோரம் மாற்றுங்கள். சாதாரணப் புளூத் தடுப்பூசி பற்றி அவவின் வைத்தியரிடம் கேட்கட்டும். அது வேலைசெய்ய இரண்டு வாரம் பிடிக்கும். புதுவகைக் கிருமிக்குத் தடுப்பூசி தயாராக மாதக்கணக்கில் எடுக்கும். காய்ச்சல் என்றால் மூன்றாம் நாள்வரை பார்த்திருக்காமல் முதல் நாளே வைத்தியசாலைக்கு அனுப்புங்கள். புளூக் கிருமிக்குக் கொடுக்கும் ஒசெல்ரமிவிர் மருந்தை 48 மணி நேரத்துக்குள் தொடங்கினால்தான் நல்ல பலன். மூச்சு முட்டல், நெஞ்சு நோ, மயக்கம், உதடு நீலம் பாய்தல், குழந்தை துடிப்புக் குறைதல் ஆகியவற்றில் ஒன்று கண்டாலும் ஓட்டோ பிடிக்க நிற்காமல் 1990 அம்புலன்ஸுக்கு அழையுங்கள்.